நீலப் புகை: வால்வ் சீலா, பிஸ்டன் ரிங்கா?

பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக் நீலமாகப் புகைந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பெரும்பாலும் வால்வ் தண்டைச் சுற்றியுள்ள சீல் வழியாகவோ, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகவோ அது உள்ளே கசிந்திருக்கும். உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். ஆயில் அளவு கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாரல் காலத்துக் காலையில் வந்து மறையும் வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம்.

சீலா, ரிங்கா என்று ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க, செங்கோட்டைக்காரர்களுக்கு ஆரியங்காவு மலைப்பாதை போதும்.

ஏற்றத்தில்: முறுக்க முறுக்க விடாமல் புகைந்தால் ரிங்.
இறக்கத்தில்: ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே இறங்கி, மறுபடி முறுக்கும்போது குபுக்கென்று ஒரு புகை வந்து அடங்கினால் சீல்.
காலை முதல் கிக்: சீல் என்றால் சற்றுப் புகைந்து நிற்கும். ரிங் என்றால் சூடான பிறகும் நிற்காது. எஞ்சின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயிலும் புகை தள்ளும்.

சந்தேகம் தீரவில்லையா? பிளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கேஜில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. முதலிலேயே நன்றாக இருந்து, ஆயில் விட்டும் பெரிதாக மாறாவிட்டால் சந்தேகம் சீல் மேல்தான்.

செலவில்தான் பெரிய வித்தியாசம். சீல் சின்ன ரப்பர், ஹெட்டை இறக்கினால் முடிந்தது. வால்வ் தண்டு ஓடும் குழலான வால்வ் கைடின் ஆட்டத்தையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள், அது தேய்ந்திருந்தால் புது சீலும் நிற்காது. ரிங் என்றால் போர் அளவெடுத்து, தேவைப்பட்டால் பெரிய பிஸ்டன், பிறகு ரன்னிங்-இன், அதாவது புதுப் பாகங்கள் படியும்வரை நிதானமாக ஓட்டுவது.

உள்ளூர் ஓட்டம், லேசான சீல் புகை என்றால் ஆயில் அளவைக் கவனித்தபடி கொஞ்ச நாள் ஓட்டலாம். தினமும் புனலூர் வரை மலையேறுபவர் ரிங் வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.