மின் சினாப்ஸும் வேதிச் சினாப்ஸும்

ஒரு நியூரான், அதாவது நரம்பு செல், அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் சந்திப்பே சினாப்ஸ். மின் சினாப்ஸில் இரு நியூரான்களும் 4 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கி நிற்பதால், அவற்றை இணைக்கும் புரத வாய்க்கால்கள் வழியே அயனிகள் நேராகப் பாய்கின்றன. தாமதம் ஏறத்தாழ இல்லை. ஆபத்தை உணர்ந்த கிரேஃபிஷ் என்னும் இறால் போன்ற நன்னீர் உயிரி வாலை அடித்துப் பின்னோக்கிப் பாய்வதற்கு இந்த வேகம் துணைநிற்கிறது. 1959-இல் ஆய்வாளர்கள் ஃபர்ஷ்பானும் பாட்டரும் அதன் நரம்புகளில்தான் இத்தகைய கடத்தலை விளக்கினர்.

வேதிச் சினாப்ஸில் இடைவெளி 20 முதல் 40 நானோமீட்டர். மின்துடிப்பு நரம்பு முனையை எட்டியதும் கால்சியம் அயனிகள் உள்ளே புக, நுண்பைகள் சவ்வோடு இணைந்து நரம்புக்கடத்தி என்னும் வேதிப்பொருளை வெளியேற்றுகின்றன; அது எதிர்ப்புறத்து ஏற்பிகளை, அதாவது அதை ஏற்கும் புரதங்களை, பற்றிய பிறகே அடுத்த செல் தூண்டப்படுகிறது அல்லது அடக்கப்படுகிறது. இதற்குச் சுமார் அரை மில்லிவிநாடியோ சற்றுக் கூடுதலோ ஆகலாம்.

ஆயினும் வேதி வழியே வளமானது என்பது என் கருத்து. அசிட்டைல்கோலின் என்னும் ஒரே நரம்புக்கடத்தி எலும்புத்தசையைச் சுருங்கச் செய்கிறது, இதயத்துடிப்பையோ மட்டுப்படுத்துகிறது. விளைவைத் தீர்மானிப்பது ஏற்பியே. பயன்பாட்டுக்கேற்ப இவ்விணைப்புகளின் வலிமை கூடியும் குறைந்தும் மாறுவதால், கற்றலும் நினைவும் பெரிதும் இவற்றையே சார்ந்துள்ளன. மின் சினாப்ஸ் பழைய எச்சம் என்று ஒதுக்குவதும் தவறு: பாலூட்டிகளின் மூளைத்தண்டிலுள்ள கீழ் ஆலிவ் உட்கரு என்னும் நியூரான் தொகுப்பில் பல நியூரான்கள் ஒருசேரத் துடிப்பதற்கு அதுவே உதவுகிறது.