41,500 ரூபா போச்சு: வீட்டிலை வயசுபோன ஆக்கள் இருந்தா தயவுசெய்து வாசியுங்கோ

முதலிலையே சொல்லிப்போட்டன், கடையின்ர பேர் எழுதமாட்டன். எழுதினா கேஸ் போடுவினமாம். முதலாளியே என்ர முகத்துக்கு நேரை சொன்னவர். வலிகாமத்துப் பக்கம் ஒரு சந்தி, அதிலை ஒரு கொமினிகேசன். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போட் படம், விண்ணப்பம் நிரப்பிறது. அப்பிடிக் கடை யாழ்ப்பாணத்திலை சந்திக்குச் சந்தி இருக்கு. அதிலை ஒண்டு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

அம்மாவுக்கு 74 வயது. அவவின்ர முதியோர் காசு 41,500 ரூபா இல்லாமல் போயிட்டுது. மூண்டு நாளா நித்திரை இல்லை, கை நடுங்க நடுங்கத்தான் எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. என்னென்ன செய்யோணும், என்னென்ன செய்யக்கூடாது எண்டு கடைசியிலை விபரமா எழுதுறன்.

வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களுக்கு விளங்காது எண்டதாலை இதைச் சொல்லோணும். 70 வயது தாண்டின, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் ஒரு காசு குடுக்குது. முந்தி 2000. அம்மா தபாற்கந்தோருக்கு நடந்து போய், திண்ணையிலை இருந்து, பேர் கூப்பிட எழும்பிப் போய்க் கைநாட்டு வைச்சு எடுப்பா. பேந்து 3000 ஆக்கி, 2025 சித்திரையோடை 5000 ஆக்கினவை. வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிக் காசிலை 2023 ஆடியிலை சமுர்த்தி போய் அஸ்வெசும வந்தது எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு அஸ்வெசுமவும் கிடைச்சபடியா, பிறகு இந்த 5000மும் தபாற்கந்தோரை விட்டிட்டு அதே பாங்க் கணக்கிலை வந்து விழத் தொடங்கிச்சு. நல்லதுதானே, வெயிலுக்கை நடக்கத் தேவையில்லை எண்டு சந்தோசப்பட்டதும் நான்தான்.

5000 எண்டா சிலருக்குச் சிரிப்பா இருக்கும். தேங்காய் 200 ரூபாவுக்கு வித்த காலம். ஆனா அம்மாவுக்கு இதை விட்டா வேறை ஒண்டும் இல்லை. முன்வீட்டு மாஸ்டருக்குப் பென்சன் வருது, அவர் படிப்பிச்சவர், நியாயம். அம்மா நாப்பது வருசம் மற்றாக்களின்ர வெங்காயத் தோட்டத்திலை கூலிக்குக் குனிஞ்சவா. புகையிலைக்குத் தண்ணி மாறினவா. ஆர் அவவுக்குச் சேமலாப நிதி கட்டினது? அஸ்வெசுமக் காசை எடுத்துச் சாப்பாட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் பாப்பா. முதியோர் காசிலை கை வைக்கமாட்டா. அது காதுக்கு மிசின் வாங்க. எட்டு மாசம் தொடாமல் விட்டது 40,000, அதோடை முந்திக் கிடந்த கொஞ்சம். எல்லாமாச் சேத்து அந்தக் கணக்கிலை இருந்து போனது 41,500.

இனி அலுவலுக்கு வாறன். போன வருசக் கடைசியிலை அஸ்வெசும எடுக்கிற ஆக்கள் தங்கட விபரங்களைப் புதுப்பிக்கோணும் எண்டு அறிவிச்சவை. கணினியிலை நாங்களே செய்யலாம், இல்லாட்டிப் பிரதேச செயலகத்திலை போய்க் குடுக்கலாம். டிட்வா புயல் அடிச்சு ஓய்ஞ்ச நேரம். எங்கட ஜி.எஸ் (கிராம சேவகர்) வெள்ள நிவாரணப் பட்டியலோடை ஓடித் திரிஞ்சவர், அவரைப் பிடிக்கேலாது. நான் வேலை செய்யிறது புடவைக்கடையிலை. நத்தார், வருசம், பொங்கல் எண்டு வரிசையா வியாபாரம், லீவு கேட்டா முதலாளியின்ர முகம் போற போக்கைப் பாக்கோணும். அந்தக் கொமினிகேசன் சுவரிலை பெரிசா ஒட்டிக் கிடந்தது: "அஸ்வெசும, முதியோர் கொடுப்பனவு, சகல விண்ணப்பங்களும் செய்து தரப்படும்". 300 ரூபாவாம். 300 தானே எண்டு நினைச்சன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். கடைக்குள்ளை அஞ்சாறு பேர் நிண்டவை. கணினியிலை இருந்த பெடியனுக்கு இருபத்திமூண்டு, இருபத்திநாலு வயசு இருக்கும். நெத்தியிலை திருநீறு. அம்மாவைக் கண்ட உடனை எழும்பி, "ஆச்சி, நிக்காதேங்கோ, இதிலை இருங்கோ" எண்டு தான் இருந்த கதிரையைக் குடுத்தான். சுவரிலை கிடந்த மின்விசிறியை அவவின்ர பக்கம் திருப்பி விட்டான். அம்மாவுக்குக் காது கேக்காது எண்டு விளங்கி, கத்தாமல், கிட்டக் குனிஞ்சு ஆறுதலாக் கதைச்சான். சொந்தப் பேரப்பிள்ளையள் கூட அப்பிடிக் கதைக்காதுகள். எனக்கு அந்த இடத்திலை கண் கலங்கிப்போச்சு. இப்ப நினைக்க என்னிலை எனக்கே ஆத்திரம் வருது.

அடையாள அட்டை வாங்கினான், கொப்பி எடுத்தான். பாங்க் புத்தகம் கேட்டான், முதல் பக்கம் கொப்பி எடுத்தான். கணக்கு இலக்கம் சரியோ எண்டு பாக்கோணும் எண்டான். அதிலை பிழை ஒண்டும் தெரியேல்லை. பிறகு "ஆச்சியின்ர போனுக்கு ஒரு நம்பர் வரும், போனைத் தாங்கோ" எண்டான். அம்மாவின்ர போன் சின்னது, பொத்தான் அமத்திற போன், பின்பக்கம் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டினது. எடுத்துக் குடுத்தது நான்தான். நம்பர் வந்தது, அடிச்சான், வேலை நடந்தது. நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டதைக் கண்டிட்டு, "அக்கா, நீங்கள் வேலைக்குப் போங்கோ, இன்னும் கொஞ்சம் கிடக்கு. முடிஞ்ச உடனை ஆச்சியை நானே ஓட்டோவிலை ஏத்தி விடுறன்" எண்டான்.

நான் வெளிக்கிட்டது ஒண்டு இருபதுக்கு. ஓட்டோவிலை ஏத்தியும் விட்டவன், அதிலை பொய் இல்லை.

அம்மாவின்ர போனிலை அந்த மெசேச் இப்பவும் கிடக்கு. முதல் இலக்கம் வந்தது 1.12க்கு, அது அஸ்வெசும அலுவலுக்கு. ரெண்டாவது வந்தது 1.31க்கு, அது பாங்கிலை இருந்து. அம்மாவின்ர பேரிலை பாங்க் ஆப்பைத் தன்ர போனிலையோ வேறை ஆற்றையோ போனிலையோ திறக்கிறதுக்கு வந்த இலக்கம். அடையாள அட்டை இலக்கம் அவனிட்டை, கணக்கு இலக்கம் அவனிட்டை, போன் அவன்ர கையிலை. வேறை என்ன வேணும்? அம்மா பக்கத்திலை கதிரையிலை மின்விசிறிக் காத்து வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறா.

ஒண்டு சொல்லோணும், அஸ்வெசும விபரத்தை அவன் சரியாத்தான் புதுப்பிச்சிருக்கிறான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. காசு தொடர்ந்து வந்தாத்தானே எடுக்கலாம்.

ஒரு கிழமை விட்டுத்தான் கை வைச்சிருக்கிறான். மூண்டு இரவு. 20,000, பிறகு 15,000, பிறகு 6,500. மூண்டுக்கும் மெசேச் வந்திருக்கு, இங்கிலிசிலை. அம்மாவுக்குத் தமிழ் எழுத்தே கூட்டித்தான் வாசிக்க ஏலும். போன் கொம்பனிக்காரன் விளம்பரம் அனுப்பிறான் எண்டு நினைச்சிருக்கிறா. நானும் அவவின்ர போனைப் பாக்கேல்லை. ஏன் பாக்கேல்லை எண்டு கேக்காதேங்கோ.

இதைக் கேளுங்கோ. தைப்பொங்கலண்டு காலமை அம்மா புக்கை பொங்கி, வாழையிலையிலை சுத்தி, பழமும் வைச்சு, அந்தக் கடைக்கு நடந்து கொண்டுபோய் அந்தப் பெடியனுக்குக் குடுத்திருக்கிறா. "எனக்கு உதவி செய்த பிள்ளை" எண்டு. அவன் ரெண்டு கையாலையும் வாங்கினவனாம். அப்ப 41,500மும் போய் ரெண்டு கிழமை.

தெரியவந்தது பொங்கல் முடிஞ்சு, மிசின் வாங்கக் காசு எடுக்க பாங்குக்குப் போனபோது. புத்தகத்தை மிசினுக்குள்ளை விட்டு அடிச்சுத் தந்த பிள்ளை, "அம்மா, 238 ரூபாதான் கிடக்கு" எண்டிச்சு. அம்மாவுக்குக் கேக்கேல்லை. "எவ்வளவு பிள்ளை?" எண்டு திரும்பக் கேட்டா. அந்தப் பிள்ளை கண்ணாடிக்கு அங்காலை இருந்து உரத்துச் சொல்ல, கியூவிலை நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாத்தது.

அதுக்குப் பிறகு அலைஞ்ச அலைச்சல்தான் இன்னும் எரியுது.

கடைக்குப் போனன். முதலாளி சாந்தமாக் கதைச்சார். "தங்கச்சி, அந்தப் பெடியன் பொங்கலோடை நிண்டிட்டான். அவன் எங்கட ஆள் இல்லை, சும்மா வந்து உதவி செய்யிறவன்." உங்கட கதிரையிலை இருந்து, உங்கட கணினியிலை அடிச்சு, உங்கட லாச்சிக்குள்ளை 300 ரூபாவைப் போட்டவன் உங்கட ஆள் இல்லையோ? ரசீது கிடக்கோ எண்டார். 300 ரூபாவுக்கு ஆர் ரசீது வாங்கிறது? அவன்ர போன் நம்பரைக் கேட்டன், போன் மாத்திப்போட்டானாம். ஊரைக் கேட்டன், கிளிநொச்சிப் பக்கமாம், சரியாத் தெரியாதாம். அடுத்த நாள் திரும்பப் போனன். சுவரிலை இருந்த அஸ்வெசும போட் இல்லை. செலோரேப் ஒட்டின நாலு அடையாளம் மட்டும் கிடந்தது. கேஸ் போடுவன் எண்டு சொன்னதும் அண்டைக்குத்தான்.

பாங்கிலை ஒரு தம்பி நல்லாத்தான் கதைச்சவர், ஆப்பையும் உடனை நிப்பாட்டினவர். ஆனா காசைப் பற்றிக் கேட்டா, "ஓ.டி.பி உங்கட நம்பருக்குத்தான் போயிருக்கு, நீங்கள்தானே குடுத்திருக்கிறீங்கள்" எண்டு அதையே சொல்லிக்கொண்டு நிண்டார். காசு போன கணக்கு ஆற்றை எண்டு கேட்டன். சொல்லக்கூடாதாம், வாடிக்கையாளர் இரகசியமாம். 41,500ஐக் களவெடுத்தவனுக்கு இரகசியம் இருக்கு. அம்மாவின்ர மிச்சம் 238 எண்டதைக் கியூ முழுக்கக் கேட்டது, அதுக்கு ஒரு இரகசியமும் இல்லை. ஒரு படிவம் நிரப்பித் தந்திட்டு வந்தன். கொழும்புக்கு அனுப்புவினமாம்.

அம்மாவின்ர பெயர் விபரம் பாக்கிற கந்தோருக்கும் போனன். கணினியைப் பாத்திட்டு, "இஞ்சை எல்லா மாசமும் காசு போட்டாச்சு எண்டுதான் காட்டுது, அதுக்கு மேலை எங்கட பொறுப்பு இல்லை" எண்டிச்சினம். அதுவும் உண்மைதான், என்ன சொல்ல. பொலிஸிலை முறைப்பாடு எழுதினம். எழுதினவர் பேனையை வைச்சிட்டு, "வயசுபோன மனுசியை ஏன் அங்கை தனிய விட்டிட்டுப் போனனீங்கள்?" எண்டு கேட்டார். அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை. முறைப்பாட்டுத் துண்டு கையிலை கிடக்கு, கணினிக் குற்றம் எண்டபடியா வேறை பிரிவுக்குப் போகுமாம், அவையள் கூப்பிடுவினமாம்.

இவ்வளவுக்கும் ஓட்டோ, பஸ், கொப்பி, வேலைக்குப் போகாத நாள் எண்டு 41,500க்கு மேலாலை இன்னொரு ஆறாயிரம் போயிட்டுது. "விடு பிள்ளை, மிசின் இல்லாமல் இவ்வளவு காலம் இருந்தனான்தானே" எண்டு அம்மா சொல்லுறா. அதைக் கேக்கத்தான் ஏலாமல் கிடக்கு.

சொந்தக்காரர் ஆளாளுக்குப் புத்தி சொல்லினம். கனடாவிலை இருந்து மச்சான் போன் எடுத்து, அங்கை உப்பிடி நடந்தா பாங்கே காசைத் திருப்பித் தருமாம் எண்டார். சந்தோசம் மச்சான்.

விபரமா எழுதுறன் எண்டனான். நேரம் இல்லை, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கோணும், தெரிஞ்சதை மட்டும் சொல்லுறன். முதியோர் காசு, அஸ்வெசும எல்லாத்துக்கும் ஜி.எஸ்ஸிட்டையோ பிரதேச செயலகத்திலையோ போங்கோ, ஒரு நாள் மினக்கெட்டாலும் பரவாயில்லை. அஸ்வெசுமவைப் பாக்கிற நலன்புரி நன்மைகள் சபையின்ர இலக்கம் 1924, அரசாங்கத் தகவல் நிலையம் 1919, சந்தேகம் எண்டா எடுத்துக் கேளுங்கோ. போனை ஒருத்தன்ர கையிலையும் குடுக்காதேங்கோ, திருநீறு பூசியிருந்தாலும். இலக்கம் வந்தா அது எங்கை இருந்து வந்தது எண்டு முதல் வரியை வாசியுங்கோ, வாசிக்கத் தெரியாட்டி வாசிக்கத் தெரிஞ்ச ஒராள் பக்கத்திலை நிக்கோணும். அம்மா அப்பாவின்ர போனிலை வாற மெசேச்சுகளைக் கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் பாருங்கோ. கொப்பி எடுத்த தாளிலை ஒண்டு கூட எடுத்து வைக்கிறானோ எண்டும் பாருங்கோ.

அந்தப் பெடியனைத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா எனக்கு உள்பெட்டியிலை எழுதுங்கோ. வலது கைப் பெருவிரல் நகம் கறுத்துக் கிடந்தது, கதவு நெரிச்ச மாதிரி. வேறை அடையாளம் ஞாபகம் இல்லை.

நேற்று வேலைக்குப் போற வழியிலை பஸ்ஸுக்குள்ளை இருந்து அந்தக் கடையைப் பாத்தன். அதே சுவரிலை, அதே இடத்திலை புதுப் போட் ஒண்டு: "முதியோர் அடையாள அட்டை விண்ணப்பம் செய்து தரப்படும்". வாசல்லை ரெண்டு கிழவியள் நிண்டவை.