வேலிக்கு இந்தப் பக்கம் நின்று: பள்ளி பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டங்களில் நிக்கான் டி500, நீண்ட கால அனுபவம்

"அண்ணா, 70-200 லென்ஸ் போதுமா, இல்ல 200-500 வாங்கிடலாமா?" மார்ச் பிறந்தால் எங்கள் வட்டாரத்துத் தமிழ் அப்பாக்களில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டு விடுகிறார். பிள்ளை பள்ளி அணியில் சேர்ந்த சந்தோஷம் அந்தக் குரலிலேயே தெரியும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மைதானத்தில் உங்களை எங்கே நிற்க விடுகிறார்கள்?

கேமரா விமர்சனங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்வியே வருவதில்லை. தொழில்முறைப் புகைப்படக்காரர் நினைத்த இடத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டி, லென்ஸ் பிரமாதம் என்பார்கள். உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் நம் இடத்தைத் தீர்மானிப்பது விதிகளும் அம்பயரும் கம்பி வேலியும்தான். இந்த மூன்றுக்கும் உட்பட்டு ஒரு செட் எப்படி உழைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில். மகன் பேஸ்பால், மகள் சாஃப்ட்பால். வசந்த காலம் முழுக்க மாலை நான்கு மணி ஆட்டங்கள். பல சீசன்களாகக் கையில் இருப்பது நிக்கான் டி500 கேமரா, ஒரு 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், ஒரு 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் (எஃப் எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் நுழையும்), ஒரு மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கி.

முதலில் விதி. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பின் விதிப்புத்தகப்படி நடக்கின்றன. அதன்படி, பந்து ஆட்டத்தில் இருக்கும் பகுதிக்குள் புகைப்படக்காரர் நிற்கக் கூடாது. ஊடகத்தினருக்கு இடம் ஒதுக்குவதாக இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே கோடு போட்டுக் குறித்துவிட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் பந்து போனால் அது டெட் பால், ஆட்டம் அங்கேயே நிற்கும். ஃபீல்டர் எறிந்த பந்து அப்படிப் போய்விட்டால், ஓடுபவர்களுக்கு இரண்டு பேஸ் (வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடங்கள்) கிடைக்கும். அதாவது அந்தச் சுண்ணாம்புக் கோடு ஆட்டத்தின் ஒரு பகுதி. நாம் ஒரு அடி முன்னே வந்து நின்று பந்து நம் மேல் பட்டால், அடி நமக்கு மட்டுமல்ல. யாரோ ஒரு பையனின் ஆட்டமும் கெடும். ஆகவே கோட்டைப் பார்த்து நான் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

பல பள்ளிகளில் கோடே இருக்காது. அங்கே வேலிக்கு வெளியேதான் நம் இடம். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் போய், உள்ளூர் அணியின் கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அம்பயர் நகரச் சொன்னால் பதில் பேசாமல் நகர்ந்துவிட வேண்டும்.

ஆபத்து என்றால் எல்லோரும் அடித்த பந்தைத்தான் நினைப்பார்கள். நான் எறிந்த பந்துக்குத்தான் அதிகம் பயப்படுவேன். 2023 ஜூலையில் நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில், முதல் பேஸ் பக்கம் கேமராவுக்கென்று ஒதுக்கிய பள்ளத்தில் நின்ற தொலைக்காட்சி ஒளிப்பதிவாளரின் தலையில், ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்கும் டபுள் பிளே முயற்சியில் தவறிப் போன த்ரோ ஒன்று வந்து தாக்கியது. கண்குழி எலும்பு முறிந்தது. அவர் அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் நின்றிருந்தார். 2007-இல் ஆர்கன்சாவில் நடந்த மைனர் லீக் ஆட்டமொன்றில், முதல் பேஸ் பயிற்சியாளராக நின்ற மைக் கூல்பா அடித்து நேராக வந்த பந்து பட்டு இறந்தே போனார். அடுத்த சீசனிலிருந்து மேஜர் லீகில் பேஸ் பயிற்சியாளர்களும் ஹெல்மெட் போட வேண்டியதாயிற்று. பந்தையே பார்த்துக்கொண்டு நின்ற அனுபவசாலிகளுக்கே இந்த கதி. நாமோ ஒரு கண்ணை வியூஃபைண்டரில் வைத்துவிட்டு நிற்கிறோம்.

அதனால் எனக்கென்று சில பழக்கங்கள். ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) மூன்றாவது பேஸ்மேனும் முதல் பேஸுக்கு எறிவது நீண்ட, வேகமான த்ரோ. தவறினால் அது பேஸைத் தாண்டி அவுட்ஃபீல்ட் பக்கமாக ஓடும். எனவே முதல் பேஸுக்கு நேரே பின்னால் நான் நிற்பதே கிடையாது. டக்அவுட்டில் (ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகை) ஹோம் பிளேட், அதாவது பேட்டர் நிற்கும் இடம், இருக்கும் பக்கத்து முனைதான் என் இடம், அதுவும் முன்னால் வேலி இருந்தால் மட்டும். பந்தை எறியும் பிட்சரின் கையில் பந்து போய்விட்டால் கேமராவின் பின்புறத் திரையைப் பார்க்க மாட்டேன். இன்னிங்ஸ் முடிந்த பிறகுதான் பார்ப்பது. இடது கண் எப்போதும் திறந்தே இருக்கும். முதல் வாரம் தலை வலிக்கும், அப்புறம் பழகிவிடும். கேமராவோடு மண்டியிடவும் மாட்டேன். முட்டி போட்டவருக்கு விலகி ஓட வழியில்லை.

வேலிக்கு வருவோம். புதியவர்கள் அதைப் பார்த்ததும் சோர்ந்து போகிறார்கள். லென்ஸை வேலிக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) முழுசாகத் திறந்து, தூரத்தில் இருப்பவரை ஃபோகஸ் செய்தால் கம்பி கரைந்து போகும். இரண்டு அங்குலக் கண் கொண்ட சாதாரணக் கம்பி வலைக்கு 200 மி.மீ., எஃப் 2.8 தாராளம். பிரச்சினை வெயில். கம்பி மேல் நேராக வெயில் அடித்தால் படம் முழுக்க வெளுத்த திரை போட்ட மாதிரி ஆகிவிடும். தொப்பியைக் கழற்றி, லென்ஸுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு சாண் கம்பிக்கு நிழல் கொடுத்துப் பாருங்கள். படம் உடனே தெளியும். ஆனால் லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் வேலியைத் தொடக் கூடாது. வேகமாக வந்த ஃபௌல் பந்து (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) மோதினால் வலை நம் பக்கம் நன்றாகவே தள்ளும். அந்தத் தள்ளல் கேமரா வழியாக நம் முகத்துக்குத்தான் வரும். ஓர் உள்ளங்கை இடைவெளி விடுங்கள். வலைக்குள் விரலை மாட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். தயவுசெய்து வேண்டாம்.

இனி கேமரா. டி500 வெளிவந்தது 2016-இல். விநாடிக்கு 10 படம், 153 ஃபோகஸ் புள்ளிகள், சிறிய சென்சார் என்பதால் 200 மி.மீ. லென்ஸ் 300 போல நடந்துகொள்ளும். நூறு அடி தள்ளி நிற்கும் பேட்டர், 200 மி.மீ.யில் படத்தின் உயரத்தில் முக்கால் பங்கை நிரப்பிவிடுவார். வேலிக்கு வெளியே நிற்பவருக்கு இந்தக் கணக்கு பெரிய வரம். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்னால் இருக்கும் ஏ.எஃப். ஆன் பட்டனுக்கு மாற்றிவிட்டேன். அம்பயரோ ஓடுபவரோ குறுக்கே வந்தால் கட்டைவிரலை எடுத்தால் போதும், ஃபோகஸ் இருந்த இடத்திலேயே நிற்கும்.

விநாடிக்கு 10 படம் என்றதும், பந்தும் மட்டையும் மோதும் கணம் தானாகச் சிக்கும் என்று நினைக்கக் கூடாது. மோதல் நீடிப்பதே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி. மணிக்கு 80 மைல் பந்து பிட்சர் கையை விட்டு பேட்டரிடம் வருவதற்கு அரை விநாடிக்கும் குறைவு; அதற்குள் கேமரா எடுப்பது நான்கைந்து படம். மோதல் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில்தான் நடந்து முடிந்திருக்கும். ஆகவே பட்டனை அழுத்திப் பிடித்துக் காத்திருப்பதை விட, பேட்டரின் முன்கால் தரையைத் தொடுவதைப் பார்த்து அழுத்துவது மேல். அந்தத் தாளம் ஒவ்வொரு பையனுக்கும் ஒவ்வொரு மாதிரி. நம் அணிப் பிள்ளைகளின் தாளம் சீசன் பாதியில் விரலுக்கே தெரிந்துவிடும். ஷட்டர் வேகம் 1/2000 விநாடி. அந்த வேகத்தில் பந்து நகர்வது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, தையல்கூடத் தெரியும்.

வலக்கை பேட்டரின் முகம் முதல் பேஸ் பக்கம் திரும்பியிருக்கும். முகம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போக வேண்டும். மூன்றாவது பேஸ் பக்கம் நின்றால், அதே பேட்டர் இழுத்து அடிக்கும் ஃபௌல்கள் மிகக் கடுமையாக வரும். எனக்கு முதல் பேஸ் பக்கம்தான் பிடிக்கும், மேலே சொன்ன எச்சரிக்கைகளோடு. ஹெல்மெட்டும் தொப்பியும் கண்ணை இருட்டாக்கிவிடும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றியே வைப்பேன்.

சாஃப்ட்பால் வேறு உலகம். பேஸ்பாலில் பேஸ்களுக்கு இடையே 90 அடி, பிட்சர் 60 அடி 6 அங்குலத்தில். பள்ளி சாஃப்ட்பாலில் பேஸ்கள் 60 அடி, பிட்சர் 43 அடி. எல்லாம் நெருங்கி வந்துவிடுகிறது, நாமும்தான். வேகம் குறைவு என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். எழுபது அடியில் நிற்பவரை பந்து வந்து சேர அரை விநாடி சொச்சம்தான் ஆகும். பந்தும் பேஸ்பாலை விடப் பெரியது, கனமானது. பிட்சரும் இன்ஃபீல்டர்களும் பலர் முகக் கவசம் போட்டுக்கொண்டே ஆடுகிறார்கள். படத்தில் முகம் மறைகிறதே என்று சில பெற்றோர் குறைப்பட்டுக்கொள்வார்கள். என் மகள் கவசத்தோடு நிற்கும் படம்தான் என் மேசையில் இருக்கிறது. கம்பிக்குப் பின்னால் அவள் கண் சுருங்கி பந்தை அளக்கிற அந்தப் பார்வைக்கு ஈடாக எதையும் நான் எடுத்ததில்லை.

சாஃப்ட்பாலில் இன்ஃபீல்ட் முழுக்க மண். இரண்டாவது பேஸில் ஒருத்தி ஸ்லைட் செய்தால் புழுதி எழும்பி, மாலை வெயில் அதற்குள் புகுந்து, காலும் கையுறையும் பந்தும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கும். இதற்கு 70-200 ஒன்றே போதும். 200-500 இங்கே மூட்டை.

அந்தப் பெரிய லென்ஸ் பேஸ்பாலில்தான் பயன்படும். அவுட்ஃபீல்ட் வேலிக்குப் பின்னால் நின்று, பிட்சரின் முதுகு, பேட்டர், கேச்சர், அம்பயர் எல்லோரையும் ஒரே வரிசையில் அடுக்க 500 மி.மீ. வேண்டும். பாதுகாப்பான இடமும் அதுதான். எடை 2.3 கிலோ, மோனோபாட் இல்லாமல் இரண்டு இன்னிங்ஸ் தாங்காது. ஸூம் வளையத்தை நிறையச் சுற்ற வேண்டியிருப்பதால், திடீரென்று ஆட்டம் ஒரு பேஸிலிருந்து இன்னொரு பேஸுக்கு மாறினால் கை பின்தங்கும். எஃப் 5.6 என்பதால் சூரியன் சாய்ந்ததும் பைக்குள் போய்விடும். மற்றபடி நல்ல வெளிச்சத்தில் அந்த விலைக்கு இவ்வளவு துல்லியம் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

விளக்கொளி ஆட்டங்களில் 70-200தான். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 வரை டி500 படங்கள் மனசுக்கு நிறைவாகவே இருக்கின்றன. இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பழைய மெட்டல் ஹேலைட் விளக்குகள் விநாடிக்கு 120 முறை மங்கித் தெளியும். அடுத்தடுத்த படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று இருட்டு என்று வந்தால் காரணம் இதுதான். கேமராவில் ஃபிளிக்கர் குறைப்பைப் போட்டுவிட்டால், வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது பார்த்து ஷட்டர் திறக்கும். வேகம் சற்றுக் குறையலாம், நிறம் சீராக இருக்கும். ஃபிளாஷ் மட்டும் கூடவே கூடாது. வரும் பந்தைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் அடிப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இடி விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். இடி கேட்டாலோ மின்னல் தெரிந்தாலோ ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பிறகு குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது பள்ளி விளையாட்டுகளின் வழிகாட்டுதல். பிள்ளைகள் பஸ்ஸுக்குள் போன பிறகும், கருமேகத்தைப் படம் எடுக்க உலோக மோனோபாடைப் பிடித்துக்கொண்டு கம்பி வேலி ஓரம் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காருக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று: நாம் எடுப்பது பெரும்பாலும் 18 வயது நிறையாத பிள்ளைகளை. மற்றவர் பிள்ளை படத்தைப் பொதுவில் போடும் முன் பெற்றோரிடம் கேட்டுவிடுவேன். அழுதுகொண்டு டக்அவுட்டுக்குத் திரும்பும் பிள்ளையின் படம் யாருக்கும் போகாது, அந்த வீட்டுக்கு மட்டும்தான்.

சரி, வாங்குவதைப் பற்றி. டி500 தயாரிப்பை நிக்கான் 2022-இல் நிறுத்திவிட்டது, பழையதுதான் கிடைக்கும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்ட ஷட்டர் அது. பழகிய கை என்பதால் நான் மாற்றப் போவதில்லை. புதிதாகத் தொடங்குபவர், கண்ணைத் தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமராவையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். லென்ஸில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை: முதலில் 70-200 எஃப் 2.8, பழையதானாலும் பரவாயில்லை. பெரிய லென்ஸை ஒரு சீசன் கழித்து, உங்கள் பள்ளி மைதானத்தில் அவுட்ஃபீல்ட் வேலிக்குப் பின்னால் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். சில மைதானங்களில் அங்கே வெறும் காடுதான்.