மூன்று கம்ப்யூட்டருக்கு ஒரே கீபோர்டு: சேலம் டிசைன் அறையில் கே.வி.எம். சுவிட்ச்

ஜக்கார்டு (தறியில் இழைகளைத் தேர்ந்து தூக்கிப் பூவேலை நெய்ய உதவும் கருவி) டிசைன் வேலை செய்கிறவர்கள் அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருப்பது அபூர்வம். அம்மாபேட்டையில் என் அறையில் மூன்று இருக்கின்றன. புடவை டிசைன் போட விண்டோஸ் 11 உள்ள ஒன்று. தறிக்கு டிசைனைச் சொல்லும் துளை அட்டைகளைக் குத்தும் மெஷினை ஓட்ட விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழையது ஒன்று. பில், ஜி.எஸ்.டி., இ-வே பில் வேலைக்கு மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு 24 இஞ்ச் மானிட்டர் வைத்து ஓட்டுவதற்காக நான்கு போர்ட் உள்ள எச்.டி.எம்.ஐ. கே.வி.எம். சுவிட்ச் (கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றையும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் பெட்டி) ஒன்றை மாட்டி, சில வருடங்களாகத் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். வாங்கிய வாரத்தில் எழுதினால் எதுவும் நன்றாகத்தான் தெரியும். நாள்பட ஓடிய பிறகு எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெளிவாகிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர் பற்றி. "அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. அட்டை குத்தும் மெஷினின் சாஃப்ட்வேர் பழைய பேரலல் போர்ட்டில் செருகிய டாங்கிளை, அதாவது சாஃப்ட்வேருக்குச் சாவி போன்ற சின்னக் கருவியை, பார்த்தால்தான் திறக்கும். புது கம்ப்யூட்டர்களில் அந்த போர்ட்டே வருவதில்லை. மெஷினோ இரும்பு, இன்னும் பல வருடம் உழைக்கும். எலக்ட்ரானிக் ஜக்கார்டு போட்டவர்கள் பென் டிரைவில் டிசைனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் அட்டையில் ஓடும் தறிகள் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்கு அட்டை வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரை நான் நெட்வொர்க்கில் சேர்ப்பதே இல்லை.

கே.வி.எம். எதற்கு, சாஃப்ட்வேரிலேயே செய்யலாமே என்பவர்களுக்கும் இதுதான் பதில். ஒரே கீபோர்டு மவுஸால் பல கம்ப்யூட்டரை ஓட்டவிடும் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் நல்லவை, செலவும் இல்லை. ஆனால் எல்லா கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், விண்டோஸ் முழுதாக ஏறி நிற்க வேண்டும். என் பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் பவர் போட்டதும் கறுப்புத் திரையில் எஃப் 1 அழுத்தச் சொல்லிக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நிஜமான கீபோர்டு ஒன்றுதான் உதவும். மேலும் சாஃப்ட்வேர் வழியில் மானிட்டர் ஆளுக்கொன்று வேண்டும். என் மேசையில் பாதியைக் கிராஃப் தாளும் நூல் மாதிரிகளும் பிடித்துக்கொள்கின்றன.

சரி, சுவிட்சுக்கு வருவோம். கடையில் போய்க் கேட்டால் எத்தனை போர்ட், எச்.டி.எம்.ஐ.யா வி.ஜி.ஏ.வா, 4கே வருமா என்றுதான் பேச்சு போகும். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய விஷயம் இ.டி.ஐ.டி. என்பது. ஒவ்வொரு மானிட்டரும் தன்னால் என்னென்ன ரெசல்யூஷன் காட்ட முடியும் என்ற விவரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். கம்ப்யூட்டர் கேபிள் வழியே அதைப் படித்துத்தான் படத்தை அனுப்புகிறது. விலை குறைந்த சுவிட்சுகளில், நீங்கள் வேறு கம்ப்யூட்டருக்கு மாறியவுடன் முந்தைய கம்ப்யூட்டருக்கு மானிட்டரையே பிடுங்கிவிட்டதாகத் தோன்றும். திரும்பி வரும்போது திறந்து வைத்த விண்டோக்கள் இடம் மாறிக் கிடக்கும், சில நேரம் ரெசல்யூஷன் இறங்கிவிடும். நல்ல சுவிட்ச் அந்த விவரத்தைத் தன்னிடம் சேமித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் "மானிட்டர் இங்கேயே இருக்கிறது" என்று எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் இ.டி.ஐ.டி. எமுலேஷன் என்று போட்டிருந்தால்தான் வாங்குங்கள்.

எங்கள் தொழிலில் இது வெறும் சௌகரியம் இல்லை. டிசைன் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். குறுக்கே ஒரு கட்டம் என்றால் பாவு இழையைத் தூக்கும் ஒரு கொக்கி, நெடுக்கே ஒரு வரி என்றால் ஒரு ஊடை இழை. அந்த ஒரு வரிதான் ஒரு அட்டை. கட்டம் ஒன்று தப்பானால் அந்த இடத்தில் கொக்கி தூக்கக் கூடாத இழையைத் தூக்கும், புட்டா (சின்னப் பூ உரு) திரும்பத் திரும்ப வரும் இடமெல்லாம் அதே பிசிறு தெரியும். மானிட்டர் தன் சொந்த ரெசல்யூஷனில், 1920-க்கு 1080-ல் ஓடினால் ஒவ்வொரு கட்டக் கோடும் ஒரே தடிமனில் கூர்மையாக நிற்கும். ரெசல்யூஷன் இறங்கினால் மானிட்டர் படத்தை இழுத்து நிரப்பும். அப்போது ஒரு கோடு தடித்து, அடுத்தது மெலிந்து, கண் ஏமாந்துவிடும். பார்டரில் ஒற்றைக் கட்டத்தில் ஓடும் ரேகைகளைச் சரிபார்க்கும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

எக்ஸ்பி கம்ப்யூட்டரில் வி.ஜி.ஏ. என்ற பழைய அனலாக் மானிட்டர் இணைப்பு மட்டும்தான். அதிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்ற வெறும் கேபிள் போதாது. அனலாகை டிஜிட்டலாக மாற்றும் சர்க்யூட் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும், அதற்கு யூ.எஸ்.பி.யிலிருந்து பவரும் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே தொங்கும் சாதாரணக் கேபிள் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். இது மாட்டிய புதிதில் எங்களிடம் அட்டை வாங்கும் தறிக்கார அண்ணன் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, புட்டா முட்டையாட்டம் இழுத்துக்கிட்டு நிக்குது?" என்றார். அவர் கண் சரியாகத்தான் சொன்னது. பழைய கம்ப்யூட்டர் 1024-க்கு 768 அனுப்புகிறது, அகல மானிட்டர் அதைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பிவிட்டது. மானிட்டர் மெனுவில் ஆஸ்பெக்ட் என்ற அமைப்பில் முழுத்திரையை எடுத்துவிட்டு உண்மையான விகிதத்தை வைத்ததும் புட்டா வட்டமாகிவிட்டது. இரண்டு ஓரமும் கறுப்புப் பட்டை வரும், வந்துவிட்டுப் போகட்டும். மற்ற இரண்டு கம்ப்யூட்டரும் மானிட்டருக்குப் பொருந்தும் அளவிலேயே அனுப்புவதால் அவற்றுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

அடுத்து, சுவிட்ச் வழியாக எது போகலாம், எது போகக் கூடாது. இதில்தான் நான் மிகவும் கண்டிப்பு. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்று மட்டும் சுவிட்சில். மற்றதெல்லாம் அந்தந்த கம்ப்யூட்டரின் முதுகில் நேராக. சுவிட்சில் கூடுதலாக உள்ள யூ.எஸ்.பி. போர்ட்டில் எதைச் செருகினாலும், நீங்கள் கம்ப்யூட்டர் மாறும் ஒவ்வொரு முறையும் அதைப் பிடுங்கி வேறொன்றில் செருகியதற்குச் சமம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அங்கே செருகிவிட்டு, ரிட்டர்ன் போடும் நடுவில் டிசைனுக்கு மாறினால் டோக்கன் காணாமல் போய்விடும், கையெழுத்து விழாது. டிசைன் சாஃப்ட்வேரின் யூ.எஸ்.பி. டாங்கிளும் அப்படியே. பேனா டேப்லெட்டும் டிசைன் கம்ப்யூட்டரில் நேராகத்தான். கீபோர்டு போர்ட்டில் செருகினால் பல சுவிட்சுகளுக்கு அது என்னவென்றே புரியாது. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் எக்ஸ்பி கம்ப்யூட்டர் பின்னால் அட்டை குத்திக்கொண்டே இருக்க, நான் இந்தப் பக்கம் அடுத்த முந்தானையை வரைந்துகொண்டிருக்க முடிகிறது. மாறுவது என் கையும் கண்ணும் மட்டும், மெஷினுக்குத் தெரியாது.

கீபோர்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல சுவிட்சில் கீபோர்டுக்கென்று தனி போர்ட் இருக்கும். அது எல்லா கம்ப்யூட்டருக்கும் எப்போதும் ஒரு கீபோர்டு மாட்டியிருப்பதாகக் காட்டும். அதனால் பழைய கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது நான் வேறு திரையில் இருந்தாலும் "கீபோர்டு இல்லை" என்று நின்றுவிடுவதில்லை. ஆனால் அந்த போர்ட்டுக்குச் சாதாரண வயர் கீபோர்டுதான் ஒத்துப்போகும். கலர் லைட், கூடுதல் பட்டன் வைத்த கீபோர்டுகளும் சில வயர்லெஸ் கீபோர்டுகளும் தகராறு செய்யும். வாங்கும்போது உங்கள் கீபோர்டையே கையில் எடுத்துக்கொண்டு போய்ச் செருகிப் பாருங்கள். எக்ஸ்பி கம்ப்யூட்டரின் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) யூ.எஸ்.பி. லெகசி சப்போர்ட்டை ஆன் செய்து வைப்பதும் அவசியம், இல்லையென்றால் விண்டோஸ் ஏறும்வரை கீபோர்டு வேலை செய்யாது.

மாறுவதற்கு மூன்று வழி: சுவிட்சிலேயே பட்டன், வயரில் வரும் சின்ன ரிமோட் பட்டன், கீபோர்டில் ஹாட்கீ. ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை தட்டி எண்ணை அழுத்துவது பல சுவிட்சுகளில் வழக்கம். சிலவற்றில் கன்ட்ரோல் இரண்டு முறை. டிசைன் வேலையில் கன்ட்ரோல் கீயிலேயே கை கிடக்கும், அது தானாக மாறித் தொலைக்கும். அதனால் ஸ்க்ரோல் லாக் உள்ள சுவிட்சும், அந்தக் கீ உள்ள கீபோர்டும் பார்த்து வாங்குங்கள். நடைமுறையில் நான் ரிமோட் பட்டனைத்தான் அதிகம் தட்டுகிறேன். படம் வர இரண்டு மூன்று விநாடி ஆகும். ஒரு நாளைக்கு எத்தனை முறை மாறினாலும் அது ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை.

தமிழில் டைப் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழி அமைப்பு கீபோர்டில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. பில் கம்ப்யூட்டரில் லேபிள் அடிக்கத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு வைத்திருக்கிறேன். அதைத் தமிழில் விட்டுவிட்டு மாறினால், திரும்பி வரும்போதும் தமிழிலேயே நிற்கும். பாஸ்வேர்டு அடிக்கும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. காப்பி செய்ததும் இங்கிருந்து அங்கே வராது. டிசைன் ஃபைல் எக்ஸ்பிக்குப் போவது பென் டிரைவில்தான். அப்புறம் மூன்று கம்ப்யூட்டருக்கும் டெஸ்க்டாப்பில் வேறு வேறு நிறம் கொடுத்துவிடுங்கள். எனக்கு எக்ஸ்பி என்றால் சிவப்பு. எந்தக் கம்ப்யூட்டரில் டெலீட் அழுத்துகிறோம் என்பதில் குழப்பமே வராது.

சேலத்துக்கே உரிய சில விஷயங்கள். மேசைக்கு அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுகிறது, நாள் முழுக்க ஒரு அதிர்வு. வி.ஜி.ஏ. கேபிளுக்குத் திருகு இருந்தது, எச்.டி.எம்.ஐ.க்கு இல்லை. கேபிளின் எடை தொங்கத் தொங்க, செருகிய இடம் மெல்லத் தளரும், திரை சிமிட்ட ஆரம்பிக்கும். மேசைக்குப் பின்னால் ஒரு மரச்சட்டத்தை அடித்து, சுவிட்சை அதில் திருகி, ஒவ்வொரு கேபிளையும் செருகும் இடத்திலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் பிளாஸ்டிக் டையால் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினை எழவே இல்லை. பெட்டியோடு வந்த கேபிள்களில் ஒன்று மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக மின்ன ஆரம்பித்தது, கொஞ்சம் தடித்த கேபிளாக மாற்றியதும் நின்றது. பஞ்சுத் தூசிக்குக் காலியாக உள்ள போர்ட்டுகளில் ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.

மின்சாரம் அடுத்தது. இந்தச் சுவிட்சுகள் கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. பவரிலேயே ஓடும் என்பார்கள், ஓடவும் செய்யும். ஆனாலும் 5 வோல்ட் அடாப்டரைத் தனியாகக் கொடுப்பதே உறுதியானது. அந்த அடாப்டரும் மானிட்டரும் கம்ப்யூட்டர்கள் உள்ள யு.பி.எஸ்.ஸிலேயே இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரன்ட் நிற்கும் நாளில் கம்ப்யூட்டர் மூன்றும் உயிரோடு இருந்து திரை மட்டும் இருட்டானால், சேவ் செய்து மூடக்கூட வழியிருக்காது. கோடை மழைக்குச் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே வழக்கம். மூன்று கம்ப்யூட்டரும் இப்போது ஒரு சுவிட்ச் வழியாக ஒன்றோடொன்று வயரால் இணைந்திருக்கின்றன. ஒன்றில் இடி இறங்கினால் மற்றதுக்கும் வழி இருக்கிறது. எர்த்திங் சரியாக உள்ள ஒரே லைனில் எல்லாவற்றையும் போடுங்கள்.

நான்காவது போர்ட் வெகுநாள் சும்மா இருந்தது. இப்போது இளம்பிள்ளையிலிருந்து வரும் வியாபாரிகள் லேப்டாப்பில் மாதிரி கொண்டுவந்தால் அதில் மாட்டிப் பெரிய திரையில் பார்த்துப் பேசுகிறோம். நிறம், ஜரி அளவு பேசி முடிக்க அது பெரிய உதவி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இரண்டே கம்ப்யூட்டர், இரண்டும் புதியவை என்றால் கே.வி.எம். வரை போக வேண்டியதில்லை. இன்றைய மானிட்டர்கள் பலவற்றில் இரண்டு இன்புட் இருக்கிறது. இரண்டையும் நேராக மாட்டிவிட்டு, கீபோர்டு மவுஸுக்கு மட்டும் சின்ன யூ.எஸ்.பி. சுவிட்ச் ஒன்று வைத்தால் போதும். படம் நேராகப் போவதால் தரமும் குறையாது, செலவும் மிகக் குறைவு. மூன்றாவது ஒன்று, அதுவும் பழையது ஒன்று சேரும்போதுதான் நான் வைத்திருப்பது போன்ற சுவிட்ச் தேவைப்படும்.