துஜியாங்யான்: கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரருடன் ஒரு சீனப் பயணம்

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, அடுத்த பருவமான கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்க ஒன்றரை மாதம் இருந்த ஏப்ரல் நடுவில், சேரன்மகாதேவியில், தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் என் மாமாவை அழைத்துக்கொண்டு, சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலுள்ள துஜியாங்யான் நீர்ப்பாசன அமைப்பைப் பார்த்து வந்தேன். சீனப் பெருஞ்சுவரைக் காட்டுகிறேன் என்றபோது வர மறுத்த மாமா, கி.மு. 256 அளவில் வெட்டிய கால்வாயில் இன்றும் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்று சொன்னதும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஆகவே, ஆற்றுத் தண்ணீரை நம்பி வயல் வைத்திருக்கும் ஒருவரின் கண் வழியாகப் பார்த்து எழுதிய மதிப்புரையாக இதனைக் கொள்ளலாம்.

கோலாலம்பூரில் விமானம் மாறிச் செங்டு நகருக்குச் சென்றோம். அங்கிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரம். நுழைவுக் கட்டணமாக ஆளுக்கு 80 யுவான் கொடுத்தோம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். தேநீர்க் கடை வரை எல்லா இடங்களிலும் கைப்பேசி வழியாகவே பணம் வாங்குவதால், அலிபே செயலியை ஊரிலேயே நிறுவிக்கொண்டு போவது நல்லது. இந்த அளவில் சேவை குறையின்றி இருந்தது.

பெரும்பாலோர் ஊர்ப்பக்கத்துப் பூங்கா வாசல் வழியாக நுழைந்து, ஆற்றை எதிர்த்து மேலே நடக்கிறார்கள். அதற்கு மாறாக, வாடகைக் காரில் மலைமேல் வாசலுக்குச் சென்று அங்கிருந்து இறங்கி வருமாறு பரிந்துரைக்கிறேன். மலைமேல் நின்றால் மின் ஆறு (மின்சாரத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை) மலையை விட்டு வெளியேறுவதும், இரண்டாகப் பிரிவதும், ஒரு கிளை செங்டு சமவெளியை நோக்கித் திரும்புவதும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். பிறகு தண்ணீர் போகும் திசையிலேயே நாமும் நடக்கலாம்.

இங்கே ஆற்றை மறித்து அணை கட்டவில்லை என்பதுதான் நம் பகுதிக்காரர்களுக்கு முதலில் உறைக்க வேண்டிய செய்தி. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் ஆற்றுக்குக் குறுக்கே நிற்கின்றன. இன்றைய சிச்சுவான் பகுதியான ஷூ நாட்டை ஆள்வதற்குச் சின் அரசு அனுப்பிய லீ பிங் என்ற ஆளுநரோ, ஆற்றின் நடுவில் நீளவாட்டில் ஒரு கரையை எழுப்பி, அதன் முனையைத் தண்ணீருக்கு எதிரே நீட்டிவிட்டார். மீன்வாய் என்று அழைக்கப்படும் அந்த முனை ஆற்றை உள்ளாறு, வெளியாறு என்று பிரிக்கிறது. மாமா அதைக் கண்டதும், "நம்ம குறுக்குத்துறைக் கோயில் மேலச்சுவர் மாதிரில்லா இருக்கு மாப்ளே" என்றார். திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோயிலின் மேற்குப் பக்கம் படகின் முனைபோல அமைந்திருப்பதால் வெள்ளம் இருபுறமும் பிரிந்து போகிறது. இங்கே அதே வடிவத்துக்கு நீரைப் பங்கிடும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பங்கீட்டைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. உள்ளாறு குறுகலும் ஆழமுமானது. வெளியாறு அகலமானது, ஆழம் குறைந்தது. ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடும் காலத்தில் ஆழமான உள்ளாற்றுக்குச் சுமார் ஆறு பங்கும் வெளியாற்றுக்கு நான்கு பங்கும் போகின்றன. வெள்ளக் காலத்தில் நீர்மட்டம் ஏறியதும் அகலமான வெளியாறு ஆறு பங்கை எடுத்துக்கொள்ள, இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மதகு திறக்கவும் மூடவும் ஆள் வேண்டியதில்லை. மேலும், மீன்வாய் ஆற்றின் வளைவில் அமைந்திருப்பதால், தெளிந்த மேல்நீர் வளைவின் வெளிப்பக்கமான உள்ளாற்றுக்கும், அடியில் உருண்டுவரும் மணலிலும் கூழாங்கல்லிலும் பெரும்பகுதி வெளியாற்றுக்கும் ஒதுங்கிவிடுகின்றன. கால்வாயில் வண்டல் சேர்வதைப் பற்றி ஆண்டுதோறும் மனு எழுதிக்கொண்டிருக்கும் மாமா, அந்த வளைவை மட்டும் மூன்று இடங்களில் நின்று பார்த்தார்.

அடுத்து வருவது பறக்கும் மணல் கலிங்கு. ஆற்றடியிலிருந்து இரண்டு மீட்டரை ஒட்டிய உயரமே கொண்ட இந்தத் தாழ்ந்த கரை, உள்ளாற்றில் மிஞ்சும் தண்ணீரையும் அதனுடன் சுழன்றுவரும் மணலையும் வெளியாற்றுக்கே திருப்பித் தள்ளிவிடுகிறது. ஏப்ரலில் ஆறு அடங்கி, நீலப் பச்சை நிறத்தில் ஓடியதால், கலிங்கு வேலை செய்வதை நாங்கள் பார்க்க முடியவில்லை; வெறும் கல்தரையைப் பார்த்துவிட்டு வந்தோம். மூன்றாவதாகிய குப்பிவாய் ஏமாற்றவில்லை. யூலெய் மலையை அறுத்து உண்டாக்கிய, சுமார் 20 மீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளி வழியாகத்தான் சமவெளிக்குரிய தண்ணீர் முழுவதும் போக வேண்டும் என்பதால், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அதற்குமேல் நுழைய வழியில்லை. வெடிமருந்து இல்லாத காலத்தில், பாறையை நெருப்பிட்டுச் சுட்டுத் தண்ணீர் ஊற்றி வெடிக்கச் செய்து எட்டு ஆண்டுகளில் அறுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. மேலே நின்று கீழே பார்த்தால் தண்ணீர் உறுமிக்கொண்டு போகிறது.

இவ்வளவையும் நாங்கள் படித்துக்கொண்டு போனதால் அறிந்தோமேயன்றி, அங்கே கிடைத்த விளக்கத்தால் அல்ல. வாசலில் ஏற்பாடு செய்துகொண்ட ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, லீ பிங்கின் மகன் நீர்நாகத்தை அடக்கிய கதையை இருபது நிமிடங்கள் சொன்னார். கலிங்கின் உயரம் ஏன் தாழ்வாக இருக்கிறது என்று மாமா கேட்டதற்குப் படம் எடுக்க நல்ல இடம் ஒன்றைக் காட்டினார். அறிவிப்புப் பலகைகளின் ஆங்கிலமும் கவிதை நடையில் இருக்கிறது. நீரின் போக்கைக் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படமாவது மீன்வாயின் அருகில் வைத்திருக்கலாம். 2000-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இடத்துக்கு இது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

கோயில்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபூலொங் ஆலயத்தில் உள்ள லீ பிங்கின் கற்சிலை மட்டும் தவறவிடக் கூடாதது, கி.பி. 168-இல் செதுக்கப்பட்ட அது, 1974-இல் ஆற்றடியிலிருந்து கிடைத்தது. அன்லான் தொங்குபாலம் அதன் ஊசலாட்டத்துக்காகவே கூட்டம் சேரும் இடம். மாமா பாதி வழியில் திரும்பிவிட்டார்.

அவரை நெடுநேரம் நிற்கவைத்தது, மூங்கில் கூடைகளும் மூன்றுகால் மரச் சட்டங்களும் வைத்திருந்த பகுதி. நீண்ட மூங்கில் கூடைகளில் உருண்டைக் கற்களை நிரப்பி அடுக்கித்தான் பழைய கரைகளைக் கட்டினார்கள். குளிர்காலத்தில் முக்காலிகளை வரிசையாக நிறுத்தி, பாயும் களிமண்ணும் அடைத்து ஒரு கிளையை மறித்துத் தூர்வாருவார்கள்; ஆற்றடியில் புதைத்த இரும்புக் கட்டை கண்ணில் படும்வரை அள்ள வேண்டும் என்பது விதி. 'அடியை ஆழமாகத் தோண்டு, கரையைத் தாழ்வாகக் கட்டு' என்ற பொருளுள்ள ஆறு சீன எழுத்துகளைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். நம் குடிமராமத்தைப் போன்ற இந்த ஆண்டு வேலையே அமைப்பை இத்தனை காலம் காப்பாற்றியது என்பது மாமாவின் முடிவு. எனக்கும் அதில் மறுப்பில்லை. இன்றைய மீன்வாய் சிமென்ட்டால் ஆனது, வெளியாற்றின் தலைப்பில் 1974-இல் கட்டிய மதகு இருக்கிறது, மேலே ஜிப்பிங்பு அணையும் வந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய கற்களைத் தேடிப் போகிறவர்களுக்கு மனம் நிறையாது. 2008 மே 12 நிலநடுக்கத்தில் மீன்வாயில் விரிசல் விழுந்து, கோயில் கட்டடங்கள் சரிந்ததன் பின் நடந்த சீரமைப்பும் கண்ணுக்குத் தெரிகிறது.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய 2023 டிசம்பர் மழை இங்கே பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பும் வழியில் கேட்டேன். அந்த மழை மலையில் பெய்து ஆற்றில் மட்டும் வந்ததன்று, சமவெளியிலேயே பெய்தது, அதற்கு மீன்வாய் என்ன செய்யும் என்று மாமா கேள்வியைத் தள்ளிவிட்டார்.

சாப்பாட்டில், சைவர்களுக்கு டோஃபுவும் கீரையும் சோறும் கிடைக்கும். நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகைக் குறைக்கச் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் விடுமுறையையும், அக்டோபர் முதல் வாரத்தையும் கூட்டத்துக்காகத் தவிர்க்கலாம். முழுநாள் ஒதுக்கினால் போதும். மீண்டும் போவதென்றால், கலிங்கு வழிவதைப் பார்க்க ஜூலையில்தான் போவேன். மாமாவுக்கு அப்போது கார் பயிர் வயலில் நிற்கும்.