பபூனுக்கு ஏற்றது மேடையா, சின்னத்திரையா, சினிமாவா?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் திருவிழா நாடகங்களில் பபூன் என்னும் கோமாளி வேடம் கட்டுபவன் நான். மேடையே போதும் என்று முடிவெடுத்தவன் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். பேரும் பணமும் சினிமாவில்தான் அதிகம், அடுத்தது தொலைக்காட்சி, நாடக மேடை கடைசி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. என்.எஸ்.கிருஷ்ணனும் நாகேஷும் நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனார்கள். சந்தானமும் சிவகார்த்திகேயனும் தொலைக்காட்சி வழியாகப் போனார்கள்.

நான் பார்த்த கணக்கு வேறு. ஒரு சிரிப்புச் சரக்கைக் கட்டிவிட்டால், அதை எத்தனை காலம் வைத்துப் பிழைக்கலாம்?

நாங்கள் ஆடும் ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள், ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ தொடங்கும் முன்பு, ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையிருக்க, பபூன்தான் முதலில் வந்து கூட்டத்தைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். பாம்பனில் நான், “மாமியார் வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கும் டோக்கன் போடணும்யா, என்னைக்குக் கரை திரும்புவாருன்னு தெரியணும்ல” என்பேன். கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கி விசைப்படகில் போகிறவர்கள் முன்வரிசையில் இருப்பதால் அது உடனே பற்றிக்கொள்ளும். அதே மாப்பிள்ளை முதுகுளத்தூர்ப் பக்கம் போனால், விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தைப் பிரித்துக் காசு கைக்கு வரும் அன்றைக்குச் சரியாக வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எலும்பு ஒன்றுதான், சதையை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்கிறேன். பராமரிப்புச் செலவு என்பது நாடகத்துக்கு முன்பு டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ச் செய்தியைக் கேட்டுக்கொள்வது மட்டுமே.

தொலைக்காட்சியில் இது நடக்காது. போட்டி நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன என் கூட்டாளி ஒருவர், பல வருடம் மேடையில் பழுக்கவைத்த சரக்கைச் சில சுற்றுகளிலேயே கொட்டித் தீர்த்துவிட்டார். தமிழ்நாடு முழுக்க ஒரே இரவில் பார்த்துவிட்டதால், திரும்பி வந்து தொண்டியில் அதையே சொன்னபோது, “டிவியில பார்த்ததுதானேண்ணே” என்று ஒரு பையன் அடுத்த வரியையும் சேர்த்துச் சொன்னான். அவருடைய சம்பளம் உயர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பலகுரல் கலைஞர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவாக இருக்கலாம். அந்த வித்தை என்னிடம் இல்லை.

சினிமாவைப் பற்றி நான் பேசுவது கரையில் நின்றவன் பேச்சுதான். ராமேசுவரத்தில் நடந்த படப்பிடிப்பு ஒன்றில் தலைகாட்டினேன், படத்தில் அந்தக் காட்சி இல்லை. ஓடிவிட்ட நகைச்சுவைக் காட்சி பழசாவதில்லை, வடிவேலுவின் வசனங்களை இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேச்சுக்குப் பேச்சு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் எது தங்கும், எது வெட்டுப்படும் என்பது நடிகனின் கையில் இல்லை. மேடையில் சிரிப்பு வரவில்லை என்றால் அந்த நிமிடமே பேச்சைத் திருப்பிவிடலாம்.

மேடையின் வருமானம் ஆண்டு முழுக்க வருவதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் எங்கள் நாடகக் காலத்துக்குள்ளேயே விழுகிறது. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது, திருவிழாவுக்கு ஊரில் பிரிக்கும் வரி வசூல் சுணங்குவதால் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். இப்போது நாடகத்தைக் கைபேசியில் பிடித்து யூடியூபில் போட்டுவிடுவதால், மேடைச் சரக்கும் முன்போல் நெடுநாள் தாங்குமா என்ற கவலை எனக்கும் உண்டு. தொலைக்காட்சிக்குப் போக நினைக்கும் இளம் பபூன்கள் போகட்டும். ஊர்ப்பேர் சொல்லிச் சிரிக்கவைக்கும் பகுதியை மட்டும் அங்கே அவிழ்க்காமல் வைத்திருந்தால், அடுத்த மாசியில் தேதி கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கையில் ஏதாவது மிஞ்சும்.