பிரிம்ரோஸ் விதை: ஃப்ரிட்ஜில் குளிர்விப்பதா, வெளிப்பனியில் விடுவதா?

நிழல் தோட்டத்துக்கான பூச்செடி பிரிம்ரோஸ். குளிர் பட்டால் நன்றாக முளைக்கும் அதன் விதையிலிருந்து செடி வளர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஈரமான விதையை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் மூன்று, நான்கு வாரம் வைத்துவிட்டு வீட்டுக்குள் முளைக்கவிடலாம். அல்லது குளிர்காலத் தொடக்கத்தில் தொட்டியில் தூவி வெளியிலேயே விட்டுவிடலாம். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி.

இரண்டிலுமே விதையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

முடிவைத் தீர்மானிப்பது வெப்பம்தான். பிரிமுலா (பிரிம்ரோஸ் சேர்ந்த பேரினம்) நன்றாக முளைப்பது 15 முதல் 18 டிகிரிக்குள். 20-ஐத் தாண்டினால் முளைப்பு சட்டென்று குறையும். ஃப்ரிட்ஜில் எவ்வளவு பக்குவமாகக் குளிர்வித்தாலும், அதன்பின் விதைத்தட்டை வெயில் விழும் ஜன்னலில் மூடி போட்டு வைத்தால் உள்ளே சூடு ஏறி அந்த உழைப்பு வீணாகும். மூடியை எடுத்தால் மேல்மண் காய்கிறது. எடுக்காவிட்டால் காற்றோட்டமின்றி நாற்றழுகல் வருகிறது. நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியில் இந்தத் தொல்லை குறைவு. பனி விலகி, மண் மெல்லச் சூடேறும்போது விதை தனக்கு ஏற்ற நாளில் முளைத்துக்கொள்ளும்.

செய்முறை இதுதான். 10 சென்டிமீட்டர் தொட்டியில் இரண்டு பங்கு சலித்த மக்கிய உரம், ஒரு பங்கு பெர்லைட் (இலேசான வெண்ணிற எரிமலைக் கல் துகள்) கலந்து நிரப்பி, லேசாக அழுத்தவும். தூவுவதற்கு முன்பே தொட்டியைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து நனைத்துவிட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் பொடி விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். தூவியபின் நுண்சரளையை வெகு மெல்லியதாகப் பரப்பவும். மழைத்துளி விதையை அடித்துப் போகாது, வெளிச்சமும் இறங்கும். எலிக்கும் பறவைக்கும் கம்பிவலை போதும். வெயில் படாத சுவரோரம் வைக்கவும். இளநாற்றை நத்தை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும் என்பதால், முளை தெரிந்த நாளிலிருந்து மாலையில் ஒரு பார்வை அவசியம்.

முதலில் விரியும் வித்திலைக்குப் பின் இரண்டு மூன்று இலை வந்ததும் தனித்தனியாகப் பிரித்து நடலாம். தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கவும். கோடை முழுக்க நிழலும் ஈரமும் குறையக் கூடாது. ஜப்பானிகா என்ற பிரிமுலா வகை என்றால் இன்னும் கூடுதல் ஈரம்.

ஃப்ரிட்ஜ் வழிக்கும் இடம் உண்டு. பனி விழாத ஊரில் வேறு வழியில்லை. பலவண்ணக் கலப்பினமான பாலியாந்தஸ் பெரும்பாலும் குளிர்விக்காமலே முளைப்பதால், குளிர்ச்சியான அறை இருந்தால் அதை உள்ளேயே போடலாம். ஃப்ரிட்ஜ் வழியில் ஒரு வளர்பருவம் முந்தவும் வாய்ப்புண்டு. மலைப்பாறை வகையான அரிகுலாவுக்கும் என் முடிவு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழைய விதையாக இருந்தால் முதல் வசந்தத்தில் அரைகுறையாகவே முளைக்கும். தொட்டியைக் கொட்டிவிடாமல் ஈரம் காயாமல் காத்து, இன்னொரு குளிர்காலம் வெளியிலேயே வையுங்கள். மிச்ச விதைகளில் சில அடுத்த வசந்தத்தில் எழும்.